பண்ணைப் பாலத்து உப்பும் ஒரு பச்சை வயரும்: ஹெட்லைற் பழுது ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி, ஏழு வருடம் ஓடிய இந்தியத் தயாரிப்பான 125 சிசி மோட்டார் சைக்கிள். பற்றரி 12 வோல்ற், 5 ஆம்பியர்-அவர், மூடிய வகை. ஹெட்லைற் பற்றரியில் இருந்து நேர்மின்னோட்டத்தில் எரிகிறது. கொம்பனி பூட்டி அனுப்பிய பல்ப் எச்.எஸ்.1 வகை, 35/35 வாற். சுவிற்ச்சின் சுமையைத் தான் ஏற்கும் றிலே (மின்காந்தச் சுவிற்ச்) கிடையாது. பற்றரி, பியூஸ், திறப்புச் சுவிற்ச், ஹான்டிலில் உள்ள லைற் சுவிற்ச், டிம்-ஹை சுவிற்ச், பல்ப் ஹோல்டர் என்ற வழியில் மின் வருகிறது. திரும்பிப் போக ஒரே ஒரு பச்சை வயர். இந்த வண்டியில் நீலம் ஹை, வெள்ளை டிம், பச்சை ஏர்த்.

உரிமையாளர் வேலணையில் இருந்து யாழ்ப்பாணம் நகருக்கு வேலைக்கு வந்து போகிறவர். காலையில் பகல் வெளிச்சத்தில் வருவார், இரவு ஏழரைக்குப் பிறகுதான் திரும்புவார். பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். அதைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கம் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். அந்த வீதியில் மங்கலான லைற்றோடு போவது உயிர் ஆபத்து. ஆகவே "ஏதோ எரியுதுதானே" என்று விடக்கூடிய பழுது அல்ல இது.

அவர் சொன்ன முறைப்பாடு இதுதான்: "வெளிச்சம் காணாது அண்ணை. இடப்பக்கம் வெட்டினா லைற் நிண்டுபோகுது, நேராக்கினா வருது. லைற் நிக்கேக்க மீற்றரில நீல லைற் பத்துது."

மங்கத் தொடங்கி இரண்டு மாதம். கார்த்திகை மழைக்குப் பிறகுதான் நின்று நின்று எரியத் தொடங்கியிருக்கிறது. இதற்கிடையில் பல்ப் மூன்று தரமும் ஹான்டில் சுவிற்ச் செற் ஒரு தரமும் மாற்றப்பட்டுள்ளன. மூன்றாவதாகப் பூட்டியது 60/55 வாற் எச்4 பல்ப், எச்.எஸ்.1 இருக்கையில் அது நேராக இருக்காது என்பதால் அடித்தட்டின் காதுகளை அராவித் திணித்திருந்தார்கள். கழற்றிய பழைய எச்.எஸ்.1 பல்புகளில் இரண்டை உரிமையாளர் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தது நல்ல காரியம். அவற்றின் நான்கு இழைகளையும் மல்ரிமீற்றரில் பார்த்தபோது ஒவ்வொன்றும் அரை ஓமுக்குச் சற்றுக் குறைவு. 35 வாற் இழை குளிர்ந்த நிலையில் அவ்வளவுதான் காட்ட வேண்டும். ஒரு பல்பும் எரிந்துபோகவில்லை. நல்ல பல்புகளைக் கழற்றி நல்ல பல்புகளையே பூட்டியிருக்கிறார்கள்.

நீல விளக்கு காட்டிய வழி

மல்ரிமீற்றரை எடுக்கும் முன்னரே இந்த வண்டி தன் பழுதின் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டது. டிம்மில் ஓடும்போது ஹை பீமுக்கான நீல விளக்கு ஏன் எரிய வேண்டும்?

பல்பின் உள்ளே இரண்டு இழைகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஏர்த் பின். அந்த ஏர்த் நன்றாக இருந்தால் டிம் இழையால் வந்த மின் நேரே பச்சை வயரில் இறங்கிப் போய்விடும். ஏர்த் அறுந்தால் மின்னுக்குப் போக இடமில்லை. அது பொதுப் பின்னில் இருந்து ஹை இழைக்குள் பின்பக்கமாக ஏறி, நீல வயர் வழியாக வண்டியின் மீற்றருக்குப் போய், நீல விளக்கைக் கடந்து, மீற்றரின் ஏர்த்தில் இறங்கும். நீல விளக்கு சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும் எல்.ஈ.டி. என்பதால் அது நன்றாக எரியும். அதே சில மில்லி ஆம்பியர் ஹெட்லைற் இழையைச் சூடாக்கப் போதாது, ஆகவே ஹெட்லைற் இருட்டு. ஏர்த் முழுதாக அறாமல் பலவீனப்பட்டிருந்தால் ஹெட்லைற் மங்கலாகவும், நீல விளக்கு இருட்டில் கூர்ந்து பார்த்தால் தெரிகிற அளவிலும் எரியும். இந்த வண்டியில் ஹான்டில் நேராக இருக்கையில் அந்த மெல்லிய நீலம் இருந்தது.

டிம் போட்டபோது நீலம் தெரிந்தால் பல்ப், சுவிற்ச், பற்றரி எதையும் தொடாமல் முதலில் ஏர்த்தைத் தேட வேண்டும். இந்த ஒரு அடையாளத்தைக் கவனித்திருந்தால் மூன்று பல்பும் ஒரு சுவிற்ச் செற்றும் மிஞ்சியிருக்கும்.

சிக்னல் லைற்றுகள் ஒழுங்காக எரிந்ததுதான் பலரைத் திசைதிருப்பியது. முன் சிக்னல்களின் பச்சை வயர்களும் ஹெட்லைற்றின் பச்சை வயரும் ஒரே மூட்டில் போய்ச் சேருகின்றன. "சிக்னல் எரியுது, அப்ப ஏர்த் சரி" என்று முடிவெடுப்பது இயல்பு. ஆனால் ஒரு மூட்டில் நான்கு வயர் சேர்ந்தால் நான்கும் ஒன்றாகப் பழுதாக வேண்டியதில்லை.

12 வோல்ற் காட்டிய ஹோல்டர்

பற்றரியை ஒரு மணித்தியாலம் ஓய்வில் விட்டு அளந்தபோது 12.6 வோல்ற். எஞ்சினை நிறுத்தியபடி லைற்றைப் போட்டால் 12.3. எஞ்சின் 4,000 சுற்றில் பற்றரி முனையில் 14.1. சார்ஜிங்கிலும் அதன் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரிலும் பிழையில்லை.

பல்பைக் கழற்றி ஹோல்டரின் வெள்ளைக்கும் பச்சைக்கும் இடையில் மீற்றரை வைத்தால் 12.2. முன்பு பார்த்தவர்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். "மின் வருகுது, பல்ப்தான் பிழை" என்ற முடிவு இங்கிருந்துதான் பிறந்தது.

மீற்றர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் பிழை. சாதாரண டிஜிற்றல் மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம். அது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும். வயரில் ஒரேயொரு இழை மிச்சம் இருந்தாலும், களிம்பு பிடித்த மூட்டில் பல நூறு ஓம் இருந்தாலும், அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு வோல்ற் இறங்காது. ஆனால் 35 வாற் பல்ப் கேட்பது இரண்டரை ஆம்பியருக்கு மேல். அப்போது ஒரு ஓம் தடையே இரண்டரை வோல்ற்றை விழுங்கிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு ஹெட்லைற் வயரை அளப்பது, வெறும் லொறியை ஓட்டிப் பார்த்துப் பாலம் பலம் என்று சொல்வது போன்றது.

சுமையோடு அளந்தபோது

முதலில் பூட்டியிருந்த 60/55 பல்போடு அளந்தோம். லைற் எரிகையில் பல்பின் இரு பின்களுக்கும் இடையில் வெறும் 6.4 வோல்ற். அதைக் கழற்றி, பையில் வந்த பழைய எச்.எஸ்.1 பல்பைப் பூட்டி, எஞ்சினை நிறுத்தியபடி, ஹான்டிலை நேராக வைத்து மீண்டும் அளந்தோம். அளக்கும்போது வயரின் உறையைக் குத்தக் கூடாது. மெல்லிய தையல் ஊசியை ஹோல்டரின் பின்பக்கமாக, வயர் நுழையும் துளையால் செலுத்தி ரேமினலைத் தொட்டு, மீற்றரின் முனையை ஊசியில் வைத்தால் போதும். இந்த வண்டியில் யாரோ ரெஸ்ற் லாம்ப் ஊசியால் பச்சை வயரைக் குத்திய ஒரு துளையைச் சுற்றியும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஊசி போன வழியால் உப்பும் போகும்.

பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையில் 12.3 வோல்ற். பல்பின் மேல் 8.5. பற்றரி நேர்முனையில் இருந்து பல்பின் டிம் பின் வரை 0.7. பல்பின் ஏர்த் பின்னில் இருந்து பற்றரி மறைமுனை வரை 3.1. மூன்றையும் கூட்டினால் 12.3 வர வேண்டும், வருகிறது. கூட்டல் பொருந்தாவிட்டால் ஊசி எங்கோ ஒழுங்காகத் தொடவில்லை என்று பொருள், மீண்டும் அளக்க வேண்டும்.

றிலே இல்லாத சின்ன வண்டியில், மின் வரும் பக்கம் அரை வோல்ற் அளவில் இறங்கினால் பொறுக்கலாம். ஏர்த் பக்கம் 0.2க்கு மேல் போகக் கூடாது. இங்கே 3.1.

ஹலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ற்றோடு நேராக இறங்குவதில்லை. ஏறக்குறைய வோல்ற்றின் 3.4 ஆம் அடுக்கில் இறங்கும். பல்பின் வெளிச்சம் கணக்கிடப்படுவது 13.2 வோல்ற்றில். 8.5 வோல்ற் கிடைத்தால் வோல்ற் மூன்றில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. வெளிச்சமோ கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. உரிமையாளர் "காணாது" என்று சொன்னதன் அளவு இது.

அடுத்து, அந்த 3.1 எங்கே விழுகிறது என்று பிரித்தோம். பல்பின் ஏர்த் பின்னுக்கும் ஹோல்டருக்குப் பின்னால் உள்ள பச்சை வயருக்கும் இடையில் 0.6. அங்கிருந்து பெற்றோல் ராங்கின் கீழுள்ள கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி) வரை 2.4. கப்ளரில் இருந்து பற்றரி மறைமுனை வரை 0.1. நடுத்துண்டில் இருப்பது அரை மீற்றர் வயரும் ஒரு மூட்டும்தான். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் அரை மீற்றருக்கு இந்த மின்னோட்டத்தில் 0.03 வோல்ற்கூட இறங்காது. ஆகவே மிச்சம் முழுவதும் மூட்டில்.

ரேப்பைப் பிரிக்காமலே அதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. முன் சிக்னலின் பச்சை வயரும் அதே மூட்டுக்குத்தான் போகிறது. சிக்னல் அணைந்திருக்கையில் அந்த வயரில் மின்னோட்டம் இல்லை, ஆகவே அதில் வோல்ற் இறக்கமும் இல்லை. அது மூட்டின் உள்ளே வரை நீட்டிய மீற்றர் வயர் போலவே வேலை செய்யும். மீற்றரின் ஒரு முனையை ஹோல்டரின் பச்சையிலும் மற்றதைச் சிக்னலின் பச்சையிலும் வைத்தபோது 2.4. ஹான்டிலை மெல்ல இடப்பக்கம் வெட்ட வெட்ட 2.4 மூன்றானது, ஐந்தானது, லைற் அணைந்த கணத்தில் 12ஐத் தொட்டது. நேராக்கியதும் பழைய எண். இந்த அளவுக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

மூட்டைத் திறந்தால்

ஹான்டில் கழுத்தின் வலப்பக்கத்தால் போகும் வயர்க்கட்டில், இறுக்கமாகப் போட்ட ஒரு கேபிள் ரை. இடப்பக்கம் வெட்டும்போது அந்தப் பக்கத்தில் வயர்க்கட்டு நீள வேண்டும். ரை அதை நீள விடவில்லை. இழுவை முழுவதும் அதற்கு ஒரு அங்குலம் மேலே இருந்த மூட்டில் விழுந்திருக்கிறது. ரேப்பைப் பிரித்தபோது உள்ளே ஈரம். பித்தளைக் கிளிப்பால் நெரித்த மூட்டில் நான்கு பச்சை வயர்கள். மூன்று நன்றாகப் பிடித்திருந்தன. ஹெட்லைற் வயரில் மட்டும் நாலைந்து இழைகள் மிச்சம், மற்றவை அறுந்து, பச்சைக் களிம்புக்குள் நொறுங்கிய தூளாகக் கிடந்தன. அந்தக் களிம்பே மிச்ச இழைகளைப் பிடித்து வைத்திருந்தது.

உப்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு தானே காற்றில் இருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழை இல்லாத நாளிலும், விடியப்புறப் பனியிலும், ரேப்புக்குள் நுழைந்த உப்பு மூட்டை ஈரமாகவே வைத்திருக்கும். பாலத்தில் வாடைக்காற்றுக் காலத்தில் அலைத்தூவல் நேரே வண்டியில் படுகிறது. அதோடு இந்த வண்டியை வீட்டில் கழுவியது உவர்க் கிணற்று நீரால். தீவகத்தில் பலருக்கு வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஹெட்லைற் பக்கத்தைக் கழுவி முடித்ததும் ஒரு வாளி நன்னீரால் அலசிவிட்டாலே பெரிய வித்தியாசம். ஹெட்லைற்றின் பின்னால் இருக்க வேண்டிய றப்பர் மூடியும் கிழிந்திருந்தது.

பெரிய பல்ப் செய்த வேலை

ஹோல்டரைக் கழற்றியபோது ஏர்த் ரேமினல் இருந்த பக்கம் பிளாஸ்ரிக் பழுப்பாகி உருகியிருந்தது. இது 60/55 பல்ப் தந்த பரிசு. மூட்டின் தடை மாறாமல் மின்னோட்டம் கூடினால், சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏறும். 35 வாற் பல்போடு ஏர்த் வழியில் மட்டும் ஆறு வாற் அளவு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய பல்போடு அது இரண்டு மடங்கைத் தாண்டியது. சூடேறிய ரேமினல் பிடி இழந்து தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடேறும்.

வெளிச்சமாவது கூடியதா? இல்லை. பெரிய இழைக்குக் கிடைத்தது 6.4 வோல்ற் மட்டுமே. அந்த வோல்ற்றில் 55 வாற் இழை தருவது, 8.5 வோல்ற்றில் 35 வாற் இழை தருவதைவிட அதிகமில்லை. மங்கலுக்குப் பெரிய பல்ப் மருந்தல்ல. இந்த வகுப்பு வண்டிகளின் சார்ஜிங்கும் 35 வாற்றைக் கணக்கில் வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

எல்.ஈ.டி. பல்ப் போட்டிருந்தால் இந்தப் பழுது மறைந்திருக்கும், அதுதான் ஆபத்து. அது எடுக்கும் மின்னோட்டம் குறைவு, மூட்டில் வோல்ற் இறக்கமும் குறைவு, சில மாதம் பளிச்சென்று எரியும், உள்ளே வயர் தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும். ஹலஜனுக்காக வார்த்த றிஃப்ளெக்ரரில் மலிவான எல்.ஈ.டி. பல்பின் ஒளி சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்வது வேறு.

திருத்தம்

முதலில் பற்றரியின் மறைமுனையைக் கழற்றினோம். மூட்டில் இருந்து ஹெட்லைற் பக்கமாக வயரை வெட்டிக்கொண்டு போனபோது மூன்று சென்ரிமீற்றரில் செம்பு கறுப்பு, ஆறிலும் கறுப்பு. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, நெரித்தாலும் நல்ல தொடுகை வராது. மினுங்கும் செம்பு தெரியும் வரை வெட்டியே ஆக வேண்டும். ஊசித் துளையும் இருந்ததால் ஹோல்டர் வரை முழுத்துண்டையும் எடுத்துவிட்டு, 1 சதுர மில்லிமீற்றர் பச்சை வயர் 60 சென்ரிமீற்றர் போட்டோம். மற்ற மூன்று வயர்களையும் ஒரு சென்ரிமீற்றர் வெட்டிப் புது முனை எடுத்தோம்.

புது மூட்டு பழைய இடத்தில் வைக்கப்படவில்லை. ஹான்டில் வெட்டும்போது வளைகிற இடத்தில் மூட்டு இருக்கக் கூடாது. ஹெட்லைற்றின் பின்னால், வயர் அசையாத இடத்துக்கு அதைக் கொண்டுவந்தோம். ஸ்லீவ் போட்டு நெரித்து, உள்ளே பசையுள்ள ஹீற் ஷ்ரிங்க் ரியூப்பால் மூடினோம். பசை இரு வாயாலும் ஒரு வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் நீர் புகாது. வெறும் ரேப் சுற்றுவது உப்புக்காற்றுக்குக் காணாது. பழைய மூட்டிலும் ரேப் இருந்ததே. ஈயம் வைக்க விரும்புகிறவர்கள் றொசின் ஃபிளக்ஸ் மட்டும் பாவிக்க வேண்டும், அமிலப் பசை வயரைத் தின்றுவிடும். ஈயம் ஊறிய இடத்தின் விளிம்பில் வயர் விறைத்து, அதிர்வில் முறியும் என்பதால் அங்கே தாங்கலும் தேவை.

ஹோல்டருக்குப் பதில் செராமிக் ஹோல்டர். திறப்புச் சுவிற்ச்சின் கப்ளரைக் கழற்றிக் கொன்ராக்ற் கிளீனர் அடித்து, பின்களில் டயலெக்ரிக் கிறீஸ் மெல்லியதாகப் பூசினோம். பல்பின் கண்ணாடியில் அது படக் கூடாது, விரலும் படக் கூடாது. எண்ணெய்ப் பசை படிந்த ஹலஜன் கண்ணாடி அந்த இடத்தில் கூடச் சூடாகிப் பழுதாகும். பட்டால் ஸ்பிரிற்றால் துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். றப்பர் மூடி புதிது. வயர்க்கட்டை ஹெட்லைற்றுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கட்டினோம். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறாது. கேபிள் ரை இடம் மாற்றித் தளர்வாகப் போடப்பட்டது. ஹான்டிலை இரு பக்கமும் முழுதாக வெட்டி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே பற்றரியை மீண்டும் பூட்டினோம்.

பல்ப், பையில் வந்த அதே பழைய எச்.எஸ்.1. புதிது வாங்கத் தேவை வரவில்லை. றிலே செற்றும் போடவில்லை. வயரும் தொடுகைகளும் சுத்தமாக இருந்தால் 35 வாற்றுக்கு அது அவசியமில்லை.

மீண்டும் அளந்தபோது: பற்றரி 12.3, பல்பின் மேல் 11.7, மின் வரும் பக்கம் 0.45, ஏர்த் பக்கம் 0.15. எஞ்சின் 4,000 சுற்றில் பல்புக்கு 13.5. எஞ்சின் நின்ற நிலையை மட்டும் ஒப்பிட்டாலும் வெளிச்சம் முன்பைவிட மூன்று மடங்கு. டிம்மில் நீலம் அறவே இல்லை. ஹான்டிலை எந்தப் பக்கம் வெட்டினாலும் எண் அசையவில்லை.

இந்த முறை பற்றரியில் எரியும் ஹெட்லைற்றுக்குத்தான் பொருந்தும். சில பழைய சின்ன வண்டிகளில் ஹெட்லைற் மக்னெற் கொயிலில் இருந்து நேரே மாறுமின்னோட்டத்தில் எரியும். சுற்றுக் குறைந்தால் மங்குவதும் கூட்டினால் பளிச்சிடுவதும் அங்கே பழுதல்ல. மீற்றரையும் மாறுமின் அளவுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். சுற்றைக் கூட்டும்போது பல்ப் எரிந்து எரிந்து போனால் அங்கே முதல் சந்தேகம் றெகுலேற்றரில்.

கடைசியாக இன்னொன்று தெரியவந்தது. வெளிச்சம் காணாதபோது யாரோ ஹெட்லைற்றை மேலே நிமிர்த்திவிட்டிருந்தார்கள். மங்கலாக இருந்தவரை அது யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது டிம்மிலேயே எதிரே வருகிறவரின் முகத்தில் அடித்தது. சமதரையில், சுவரில் இருந்து 5 மீற்றர் தள்ளி, உரிமையாளரையே வண்டியில் இருத்தி, லைற்றின் நடு உயரத்தைச் சுவரில் சோக்கட்டியால் குறித்தோம். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 5 சென்ரிமீற்றர் கீழே வரும்வரை ஹெட்லைற்றைத் தாழ்த்தி, போல்ற்றை இறுக்கினோம்.